கோலாவைக் கரடியென்னல் தகுமோ?

சென்ற தவணையின் இறுதியில் ஓரிரவு, விலங்கியல் பயிலும் எம் விடுதி நண்பர் ஒருவர் தம் கைப்பேசியை எம் செவியருகே பிடித்து, “இக்குரல் எவ்விலங்கினது? கூறும் பார்க்கலாம்” என்றார். அது குறட்டைபோலத் தொடங்கிற்று. பின்னர் ஏப்பம்போல் வெடித்தது. உள்வாங்கும் மூச்சும் வெளிவிடும் மூச்சும் ஒன்றையொன்று துரத்துவனபோல மாறிமாறி ஒலித்து, இறுதியில் உறுமலாய் ஓய்ந்தது. “காட்டுப்பன்றி” என்றோம் யாம். உடனிருந்த வரலாற்று மாணவரோ, “விலங்கே அன்று, ஏற்றத்தில் நின்றுபோன மோட்டார் வண்டி” என்றார். நண்பர் நகைத்து, அடுத்த கட்டிலின் தலைமாட்டில் வீற்றிருந்த பொம்மையொன்றைச் சுட்டிக்காட்டினார். சாம்பல் நிற மயிரும், வட்டச் செவிகளும், கரிய பெருமூக்கும் உடைய அப்பொம்மையைக் ‘கோலாக் கரடி’ என்றே யாம் அனைவரும் வழங்கிவந்தோம். அக்கோலாவின் ஆண், தன் இனப்பெருக்கப் பருவத்தில் பெண்ணை விளிக்கும் குரலே யாம் கேட்டது.

அன்றிரவு எமக்கு நாணம் உண்டாயிற்று என்பதை மறைத்தற்கில்லை. சொல்லையும் பொருளையும் ஆராய்வதே தொழிலாகக் கொண்ட தமிழ் வகுப்பினர் யாம். அங்ஙனமிருந்தும், கரடியல்லாத ஒன்றைக் கரடியென்று அழைத்து, அதனைப் பொம்மையாகவன்றி வேறு விதமாய் ஒருநாளும் எண்ணிப் பார்த்தோமில்லை. பின்னர் நண்பர் தந்த நூல்களையும் ஆய்வுரைகளையும் இயன்றவரை பயின்றோம். அப்பயிற்சியால் எமக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டது. அவ்வுயிரைக் கரடி என்னும் வழக்கு வெறும் சொற்பிழை அன்று. அதனைப்பற்றி அறிய வேண்டுவனவற்றுள் தலைமையானதை மறைக்கும் திரை என்பதே அது.

பெயரின் வரலாற்றை முதற்கண் நோக்குவோம். ‘கோலா’ என்பது இன்றைய சிட்னி நகரம் அமைந்துள்ள நிலத்தின் பழங்குடிகளாகிய தாருக் மக்களின் மொழியினின்றும் வந்த சொல். ஐரோப்பியர் அவ்விலங்கை 1798-ஆம் ஆண்டிலே முதன்முதலாகக் குறித்து வைத்தனர். பின்னர் 1816, 1817 ஆகிய ஆண்டுகளில் அதற்கு அறிவியற் பெயரிட்ட புலவர்களும் ‘பையுடைய கரடி, சாம்பல் நிறத்தது’ என்னும் பொருள்படவே பெயரிட்டனர். ஆகவே பிழை கற்றோரிடமிருந்தே தொடங்கிற்று. எம்போன்றோரை மட்டும் நோவதிற் பயனில்லை. ஆயினும் அப்புலவர்கள் ‘பை’ என்னும் சொல்லையேனும் சேர்த்தனர். நாமோ கரடியைப் பிடித்துக்கொண்டு பையை விட்டுவிட்டோம். கோலா, கங்காருவைப்போலப் பைம்மா வகையைச் சார்ந்தது. அதற்கு மிக நெருங்கிய உறவு, நிலத்தில் வளைதோண்டி வாழும் வாம்பட் என்னும் விலங்கே. கரடி கருவை வயிற்றில் வளர்த்து ஈனும். கோலாவோ ஈன்ற பின்னரே வளர்க்கத் தொடங்கும் என்று கூறினும் மிகையாகாது.

நிற்க, குரலுக்கு வருவோம்; எம்மை மிகவும் வியப்பித்தது அதுவே.

நாளொன்றில் ஏறக்குறைய இருபது மணிநேரம் உறங்கியும் அசைவின்றியும் கழிப்பது கோலாவின் இயல்பு. தைலமரத்தின் இலை சத்துக் குறைந்ததும் நச்சுத்தன்மை வாய்ந்ததும் ஆதலின், அதனையுண்டு பெறும் சிறிது ஆற்றலைச் செலவிட அதற்கு மனமில்லை போலும். (நீலகிரியில் நாம் காணும் தைலமரங்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட அவ்வினத்தனவே.) இங்ஙனம் கஞ்சனைப்போல் ஆற்றலைச் சேமிக்கும் விலங்கு, தென்னாட்டு வேனிற்பருவத்தில், அஃதாவது செப்டம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரையிலும், இரவில் விழித்திருந்து மரக்கொம்பிற் பற்றிக்கொண்டு, முகத்தை மேனோக்கி நீட்டி, நெடுநேரம் முழங்குகின்றது. அம்முழக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும் என்பர்.

எட்டுக் கிலோகிராம் எடையுள்ள உடலினின்று அத்துணை ஆழ்ந்த குரல் எங்ஙனம் எழும்? ஒரு விலங்கின் குரல்நாண் நீண்டு தடித்திருந்தால் ஒலி ஆழும், குறுகியிருந்தால் கீச்சிடும். இது யாழின் நரம்பை நோக்குவார்க்கும் எளிதில் விளங்கும். கோலாவின் குரல்வளையில் உள்ள நாண்களோ சிறியன. எனினும் அதன் முழக்கத்தின் அடிப்படை அதிர்வு, நொடிக்குச் சராசரி 27 என்னும் அளவிலே நிற்கின்றது. அவ்வளவு உடலுக்கு எதிர்பார்க்கத்தக்கதினும் இருபது மடங்கு தாழ்ந்தது. யானையளவு உடலுக்கே பொருந்துவது. இப்புதிரை 2013-ஆம் ஆண்டில் பெஞ்சமின் சார்ல்ட்டன் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் அவிழ்த்தனர். குரல்வளைக்குப் புறம்பாக, வாயறையும் மூக்கறையும் தொண்டையிற் கூடும் இடத்தில், நீண்டு தடித்த வேறோர் இணைத் தசைமடிப்பு கோலாவுக்கு உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது அம்மடிப்புகள் அதிர்ந்து அவ்வாழ்ந்த ஒலியைப் பிறப்பிக்கின்றன. பிறப்பியல் என்று எழுத்துக்களின் தோற்றத்தைக் கற்கும் எமக்கு, குரல்வளைக்குப் புறத்தே குரலுக்கென ஒரு தனியுறுப்பு உண்டென்பது புதுமையிலும் புதுமையாய்த் தோன்றிற்று.

இன்னும் ஒன்று. குரல்வளை கழுத்திலே தாழ அமைந்திருத்தலின், ஒலி கடந்துவரும் வழி நீளுகின்றது. வழியின் நீளம் ஒலியின் தன்மையில் பதிந்துவிடும். ஆதலால் இருளில், கண்ணாற் காணாமலே, முழங்குவோன் பெரியனோ சிறியனோ என்பதைக் கேட்போர் உணரலாகும். பதிவு செய்த குரல்களை ஒலிப்பித்து ஆய்ந்தபோது, பெரிய உடலைக் காட்டும் முழக்கத்தையே பெண்கள் மிகுதியும் நாடின என்று 2012-இல் வெளிவந்த ஆய்வுரை கூறுகின்றது. பிற ஆண்களோ அத்தகைய முழக்கம் வரும் திசையை விட்டு விலகுகின்றன. ஒரே குரல் ஒருத்திக்கு அழைப்பாகவும் மற்றொருவனுக்கு எச்சரிக்கையாகவும் அமைதல் சிக்கனமான ஏற்பாடன்றோ! போர் புரிதற்கு வேண்டும் ஆற்றலும் அதனால் மிஞ்சுகின்றது.

குரலுடன் மணமும் துணைபுரிகின்றது. வளர்ந்த ஆணின் மார்பின் நடுவே மயிரற்றுப் பழுப்பேறிய ஓரிடம் உண்டு. அங்குள்ள சுரப்பியிலிருந்து கசியும் நெய்ப்பொருளை மரத்தின் அடியிலே தேய்த்துச் செல்வது அதன் வழக்கம். அம்மரத்தில் ஏறவருவார் எவரும் அம்முத்திரையை முகர்ந்தே ஏறுவர்.

இங்கே எம் வகுப்புத் தோழர் சிலரோடு யாம் மாறுபட வேண்டியிருக்கின்றது. யாம் இவற்றைக் கூறக்கேட்ட ஒருவர் உடனே, “ஆகா! இரவுக்குறியில் வந்து நிற்கும் தலைவன்!” என்று பாடத் தொடங்கிவிட்டார். அகத்திணையில் ஊறிய உள்ளம் அங்ஙனமே செல்லும்; யாமும் முதலில் அங்ஙனமே எண்ணினோம். ஆனால் உண்மை அதற்கு இடந்தருவதில்லை. கோலாக்கள் தனித்தே வாழ்வன. ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் பொழுது சில நிமிடங்களே. அச்சிறு பொழுதும் இனிமையாகக் கழிவதன்று. பெண் மறுத்தால் கதறும், அறையும், கடிக்கும். ஆணும் பிடரியைக் கடித்துப் பற்றும். பின்னர் ஆண் தன் வழியே சென்றுவிடும். குட்டியை வளர்ப்பதில் அதற்கு எள்ளளவும் பங்கில்லை. இதிலே தலைவனையும் தலைவியையும் காண்பது, பொம்மைக் கடையிலே கரடியைக் கண்டதற்கு ஒப்பான மற்றொரு பிழையே. ஆயினும் பெண் வெறும் பொருளாய்க் கிடக்கின்றது என்று கொள்வதும் தவறு. இருளிற் கேட்டு, தெரிந்து, மரம்விட்டு மரம் இறங்கி, குரல் வந்த திசை நோக்கிச் செல்வது அதுவே. குவீன்ஸ்லாந்துக் கரையை அடுத்த செயின்ட் பீஸ் தீவில் கழுத்துப்பட்டையில் கருவி பொருத்தி அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தோரும், முழக்கத்திற்கும் பெண்களின் செலவிற்கும் தொடர்புண்டு என்று கண்டனர்.

மேலும் பெண்ணின் கருமுட்டை மாதந்தோறும் தானாகவே வெளிப்படுவதன்று. கூடலே அதனை வெளிப்படச் செய்கின்றது. பூனை, முயல் முதலியவற்றில் இவ்வியல்பு உண்டெனினும், பைம்மாக்களில் இஃது அரிது என நண்பர் கூறினார். தனித்து வாழ்ந்து, எப்போதாவது சந்திக்கும் உயிர்க்கு இது தக்க ஏற்பாடே.

கருவுற்ற ஏறக்குறைய 35 நாட்களில் குட்டி பிறக்கின்றது. குட்டி என்று கூறவும் நாக்கூசும். நீளம் இரண்டு சென்டிமீட்டர்; எடை ஒரு கிராமினும் குறைவு. ஓர் அவரை விதையைக் கையில் எடுத்துப் பார்ப்போர் அதன் அளவை மதிக்கலாம். கண் இல்லை, செவி இல்லை, மயிர் இல்லை, பின்கால்கள் உருப்பெறவில்லை. உள்ளவை முன்கால்களும், முகரும் திறனும், வாயுமே. தாய் அதனைத் தூக்கி விடுவதில்லை. அது தானே மயிரைப் பற்றிப் பற்றி ஊர்ந்து பையை அடைந்து, இரண்டு காம்புகளுள் ஒன்றை வாயில் கவ்விக்கொள்கின்றது. காம்பு அவ்வாயினுள்ளே பருத்து அதனைப் பிணைத்துக்கொள்ளும். அதன்பின் ஆறு திங்களுக்கு மேல் பையே அதற்கு உலகம். அப்பை கங்காருவினுடையது போல மேனோக்கித் திறவாது. மரத்தில் ஏறி இறங்கும் தாயிடமிருந்து குட்டி விழாதபடி, பையின் வாயைச் சுற்றியுள்ள தசை சுருக்குப்பையின் கயிறுபோல் இறுக்கி நிற்கின்றது.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிப்பர். குட்டி பாலை விட்டு இலைக்கு மாறும் காலம் வரும்போது, தாய் தன் பெருங்குடலை அடுத்த குருட்டுக்குடலிலிருந்து குழைவான ஒரு பொருளை வெளிப்படுத்துகின்றது. குட்டி பையினின்று தலைநீட்டி அதனை உண்ணும். அது சாதாரண மலமன்று. தைலமர இலையைச் செரிப்பிக்கும் நுண்ணுயிர்கள் செறிந்தது. அவ்வுணவை உண்ணாத குட்டிக்குத் தன்னைச் சூழ்ந்த காடெல்லாம் நஞ்சே. விடுதியில் இதனைக் கூறியபோது ஒருவர் உண்பதை நிறுத்தி எழுந்து போனார். எமக்கோ இது அருவருப்பாகத் தோன்றவில்லை. உணவைத் தருவது ஒன்று. உணவை உணவாக்கும் ஆற்றலையே தருவது வேறொன்று. தாய் தன் வயிற்றிற் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தையே மகவுக்குச் சீதனமாகக் கொடுக்கின்றது. இதனை நூல்களில் ஒருவரியிற் கூறிக் கடந்துவிடுவதே எமக்கு வருத்தம்.

பையைவிட்டு வெளிவந்த குட்டி, ஏறக்குறைய ஓராண்டு நிறையும் வரை தாயின் முதுகில் ஏறித் திரியும். பெண் இரண்டாண்டிற் பருவமெய்தும். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. இரட்டைகள் மிக அரிய. ஆண்டுக்கு ஒன்றுக்குமேல் ஈனுவதில்லை. எல்லா ஆண்டும் ஈனுவதும் இல்லை. இந்த மந்தமான கணக்கை மனத்திற்கொண்டு, மேல்வருவனவற்றை நோக்க வேண்டுகிறோம்.

மென்மயிருக்காக இவ்விலங்கை வேட்டையாடிய காலம் ஒன்று இருந்தது. 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், குவீன்ஸ்லாந்து அரசாங்கம் வேட்டைக்கு அனுமதி வழங்க, அவ்வொரு மாதத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கோலாக்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர், அதன்பின் அங்கு அவ்வேட்டை நிகழவில்லை. ஆனால் துப்பாக்கியும் கண்ணியும் ஓய்ந்தபின் கோடரியும் பெருஞ்சாலையும் வந்தன. காடு துண்டு துண்டாயிற்று. குரல் கேட்ட பெண் செல்ல வேண்டிய வழியிலும், துணையும் இடமும் தேடும் இளம் ஆண் அலையும் வழியிலும் இன்று வண்டிகளும் நாய்களும் நிற்கின்றன. மரத்தின்மேல் எவ்வளவு காப்புடையதோ, நிலத்தின்மேல் அவ்வளவு கதியற்றது கோலா. இனப்பெருக்கப் பருவத்திலேதான் அது மிகுதியும் நிலத்தில் நடக்கின்றது என்பதை அறிந்தோர்க்கு, இத்துன்பம் எங்கே பாய்கின்றது என்பது விளங்கும்.

நோயும் அங்கேயே பாய்கின்றது. கிளமிடியா என்னும் பாக்டீரியாத் தொற்று, கூடலாலும் தாயிடமிருந்து குட்டிக்கும் பரவி, கண்ணைக் குருடாக்கும்; பெண்ணின் கருவழியிற் கட்டிகளை உண்டாக்கி மலடாக்கும். வெளியே நலமுள்ளதுபோல் மரத்தில் அமர்ந்திருக்கும் பெண், இனி ஒரு குட்டியும் ஈனமாட்டாததாய் இருத்தல் கூடும். இதற்கு மருந்துண்டே எனின், உண்டு. ஆனால் அம்மருந்து குடலிலுள்ள நுண்ணுயிர்களையும் அழித்தலின், நோய் தீர்ந்த விலங்கு இலையைச் செரிக்கமாட்டாமல் பட்டினியால் மடிதலும் உண்டு. தாய் தந்த சீதனத்தை மருத்துவன் பறித்ததாகின்றது. இவ்விக்கட்டு இத்தகையதாகவே, சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தார் பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்துக் கண்ட ஒருதவணைத் தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் இசைவளித்தனர். நற்செய்தியே. ஆயினும் மரத்தில் வாழும் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசியிடுவது எளிதோ என்று எண்ணாதிருக்கவும் முடியவில்லை.

குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றின் கோலாக்கள் 2012-இல் ‘நலிவுறத்தக்கன’ என்னும் பட்டியலிலும், பத்தாண்டுக்குள், 2022 பிப்ரவரியில், ‘அழிவின் வாய்ப்பட்டன’ என்னும் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறுவோர் உளர். அவர் கூற்றைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. தென்பகுதியிற் சிலவிடங்களில் கோலாக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியுள்ளன என்பதே அது. உண்மை. கங்காருத் தீவில் 1920-களில் கொண்டுவிட்ட 18 விலங்குகளின் வழி பல்லாயிரமாய்ப் பெருகி, மரங்களை மொட்டையடித்தது; 1990-களிலிருந்து அங்கே அவற்றுக்குக் கருத்தடை செய்யவேண்டியதாயிற்று. விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் 2013, 2014 ஆம் ஆண்டுகளில் பட்டினியால் நலிந்த ஏறத்தாழ 700 கோலாக்களை அரசாங்கமே கொல்ல நேர்ந்தது. “ஓரிடத்து மிச்சத்தை மற்றோரிடத்துக்கு அனுப்பினால் ஆயிற்றே” என்று எம் நண்பருள் வணிகவியல் பயிலும் ஒருவர் சரக்குக் கணக்குப்போலத் தீர்ப்புக் கூறினார். சரக்காயின் கூடும். ஆனால் குடல் நுண்ணுயிரும் இலையும் இடத்துக்கிடம் வேறு. அன்றியும், சில உயிர்களினின்றே பெருகிய அக்கூட்டத்தில் குருதிக்கலப்புக் குன்றியதனால், ஆண்களிற் சிலவற்றுக்கு விதை வளர்ச்சியற்றுப் பிறத்தலும் காணப்பட்டுள்ளது. எண்ணிக்கை பெரிதாய்த் தோன்றும் இடத்திலும் பெருக்கத்தின் வேர் மெலிந்திருத்தல் கூடும். ஆகவே எத்தனை கோலாக்கள் உள்ளன என்று மட்டும் கேட்பது அரைக்கேள்வி. அவற்றுள் எத்தனை ஈனவல்லன, யாரோடு, எவ்வழி நடந்து சென்று, என்பதே முழுக்கேள்வி.

இக்கேள்வி பொம்மையை நோக்குவார்க்குத் தோன்றாது. பிரிஸ்பேனிலுள்ள லோன் பைன் காப்பகம் 1927-இல் தொடங்கியது. பல தலைமுறைகளாக வருவோர் அங்கே கோலாவைக் கையில் ஏந்திப் படமெடுத்து மகிழ்ந்தனர். 2024-இல் அக்காப்பகத்தார் அவ்வழக்கத்தை நிறுத்தினர். அதனைக் குறைகூறியோர் பலர், யாம் போற்றுகிறோம். ஏந்துவோர் கைக்கு அது குழவி. அதுவோ, இருளில் யானைக்குரலால் முழங்குவது. மார்பின் நெய்யால் மரத்தில் முத்திரையிடுவது. கேட்டுத் தெரிந்து நடந்து செல்வது. அவரைவிதையளவு மகவைப் பையிலிறுக்கி வளர்ப்பது. அதற்கு வேண்டுவது எவருடைய மடியும் அன்று, தொடர்ந்து நிற்கும் மரங்களே.

தமிழில் எழுதுவோர்க்கும் சிறுவர்க்குப் பாடநூல் இயற்றுவோர்க்கும் எம் விண்ணப்பம் ஒன்றே. ‘கோலாக் கரடி’ என்பதை விடுத்துக் ‘கோலா’ என்றே எழுதுக. விளக்கம் வேண்டுமாயின் ‘பைம்மா’ என்க. தாருக் மக்களின் சொல் இரண்டே எழுத்தினது. தமிழ் நாவுக்கு அதில் யாதொரு இடருமில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின், அக்குரலை மீண்டும் ஒருமுறை கேட்பிக்குமாறு விலங்கியல் நண்பரை வேண்டினோம். அவரும் ஒலியை மிகுதிப்படுத்தினார். பக்கத்து அறையிலிருந்து, யாருக்கோ உடல்நலமில்லை என எண்ணி, தண்ணீர்ச் செம்புடன் ஒருவர் ஓடிவந்தார்.